மேலே யாரும் நடக்காத அறை

அக்டோபர் 6, திங்கள்

விடியற்காலை மழை. பாலத்தில் எதிர்க்காற்று, மோட்டார் சைக்கிள் தள்ளாடியது. சைட்டுக்கு வந்து பார்த்தால் சாக்ஸ் இரண்டும் ஈரம். மாற்று சாக்ஸ் சிம்பாங் அம்பாட்டில், வீட்டுக் கொடியில். நாள் முழுக்க ஈரக்கால்.

இந்த வார வேலை:
வடக்குப் பக்கம் இரண்டாம் மாடித் தளம், கம்பி சரிபார்க்க.
அதே தளத்தில் குளியலறைக் குழாய்கள் இறங்கும் துளைகள், இடம் சரிபார்க்க.
சின்னக் குவிமாடத்தின் தாமரை இதழ்கள், விரிசல் பார்க்க.
சனிக்கிழமை கான்கிரீட்.
அம்மாவுக்குக் கால்வலித் தைலம்.

இதழ்கள் லோரியில் வந்து இறங்கின. கண்ணாடி இழை கலந்த மெல்லிய கான்கிரீட், ஒவ்வொன்றும் ஆள் உயரம். நாங்கள் கட்டுவது சீக்கியர்களின் குருத்வாரா; குருத்வாரா என்றால் குவிமாடத்தின் அடியில் தாமரை விரிந்திருக்க வேண்டும். வெளியே இதழ், உள்ளே இரும்புச் சட்டம். எங்கள் சூப்பர்வைசர் மணியம் அண்ணே ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார். "அப்பளம் மாதிரி இருக்கு வாணி. இத தூக்க கிரேன் வேற."

மதியம் லங்கர், குருத்வாராவின் பொதுச் சாப்பாடு. கட்டடம் முடியும்வரை குருத்வாரா இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகைக் கடைவீட்டில் நடக்கிறது. சைட் ஆட்கள் எல்லாரும் அங்கே வந்து சாப்பிடலாம் என்று கமிட்டி முதல் நாளே சொல்லிவிட்டது. தரையில் வரிசை, ரொட்டி, பருப்பு. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்த இடம்.

மன்பிரீத் அக்கா இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இங்கே புனித நூல் வாசிக்கும் கிரந்தியின் மனைவி. பஞ்சாபிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. நாங்கள் பேசிக்கொள்வது மலாயில்; அவருக்கு நான் அடிக், தங்கச்சி. அவருடையது காய்கறி வாங்கும் பாசாரில் கற்றது, என்னுடையது பள்ளியில் கற்றது. இப்போது குடியிருப்பது டத்தோ கிராமாட்டில் யாரோ ஒருவர் வீட்டுப் பின்னறையில், கணவர், கைக்குழந்தையோடு. வீட்டுக்காரி சமைத்து முடித்த பிறகுதான் இவருக்கு அடுப்பு. புதுக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வடக்கு அறை இவர்களுக்கென்று கட்டுவது.

"அடிக், எங்க ரூம்ல அந்த வளைஞ்ச ஜன்னல் எவ்ளோ அகலம்?"

சொன்னேன். திரைத்துணி வாங்கியாகிவிட்டதாம். மஞ்சள்.

கடைவீட்டு மாடிப்படியில் எப்போதும் ஒரு நாற்காலி குறுக்கே கிடக்கும். ஏன் என்று கேட்டேன். (நானாக ஒரு கேள்வி கேட்டது இந்த மாதம் இதுவே முதல்.)

"மேல யாரும் இல்ல. அதுக்கும் சேத்து வாடகை குடுக்கிறாங்க, காலியா வைக்கிறதுக்கு. குருவுக்கு மேல யாரும் நடக்கக் கூடாது. கீழ இருக்கிற நூல் வெறும் புத்தகம் இல்ல அடிக். எங்களுக்கு உயிரோட இருக்கிற குரு. பகல்ல மேடை, ராத்திரி தனி ரூம், கட்டில், போர்வை. உன் தலைக்கு மேல ஒருத்தர் நடந்தா உனக்கு எப்படி இருக்கும்?"

எங்கள் ஃபிளாட்டில் எங்கள் தலைக்கு மேல் இன்னும் பல மாடி. 

இரவு வீடு. மேல் வீட்டுக் குளியலறை மறுபடி ஒழுகல், நேராகச் சாமி அலமாரி மேல். அம்மா சாமிப் படங்களுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டியிருக்கிறார். முருகன் பேரங்காடிப் பைக்குள்.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். தலைவலி.

பிளான் மாடிக்கு மாடி தனித்தாள். ஒன்றைப் பிரித்தால் மற்றது சுருட்டிலேயே இருக்கும். குழாய்த் துளைகள் கீழே எங்கே இறங்குகின்றன என்று பார்க்க, இரண்டாம் மாடித் தாளை முதல் மாடித் தாள் மேல் வைத்து, கண்டெய்னர் ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். பின்னால் வெயில். இரண்டு மாடிக் கோடுகளும் ஒன்றாகத் தெரிந்தன.

மேலே: மன்பிரீத் அக்கா வீட்டுக் கழிப்பறை.
அதற்கு நேர் கீழே: குரு ஓய்வறை. அதாவது இரவில் நூலைக் கொண்டுவந்து கட்டிலில் வைக்கும் அறை.

வெகுநேரம் நின்று பார்த்தேன். தாள் நகர்ந்திருக்குமோ என்று தூண்களை வைத்து மறுபடி ஒட்டினேன். நகரவில்லை.

பழைய தாள்களைத் தேடி எடுத்தேன். முதலில் அந்த இடம் சாமான் அறை. ஓய்வறை தெற்குப் பக்கம், மேலே யாரும் நடக்க வழியில்லாத இடத்தில். பிறகு வயதானவர்களுக்காக லிஃப்ட் சேர்த்திருக்கிறார்கள். லிஃப்ட் ஓய்வறையின் இடத்தை எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒரே அளவு அறை என்பதால் டிசைன் ஆபீசில் யாரோ பெயரை மட்டும் மாற்றி எழுதிவிட்டார். சாமான் இங்கே, ஓய்வறை அங்கே. மேலே என்ன இருக்கிறது என்பது வேறு தாள்.

எல்லாருடைய கையெழுத்தும் இருக்கிறது. கட்டடக்கலை நிபுணர், எங்கள் மேனேஜர் மிஸ்டர் டான், கமிட்டித் தலைவர் ஹர்ஜித் அங்கிள்.

சனிக்கிழமை கான்கிரீட் விழுந்துவிட்டால் முடிந்தது. அதற்குள் யாராவது சொல்ல வேண்டும். இப்போதைக்கு அந்த யாராவது நான் மட்டும்தான்.

சொன்னால் மஞ்சள் திரைக்கு ஜன்னல் இல்லை. குளியலறையை நகர்த்தினால் போதாது. அங்கே ஆளே நடக்கக் கூடாதே.

தைலம் வாங்க மறந்தேன்.

அக்டோபர் 8, புதன்

மணியம் அண்ணேயிடம் முதலில் சொன்னேன். டீ நேரம், பலகைக் கட்டு மேல் உட்கார்ந்திருந்தார். தாள்களை விரித்துக் காட்டினேன். பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அடக் கடவுளே."

"என்ன பண்றது அண்ணே?"

"கம்பி கட்டி முடிச்சாச்சு. கான்கிரீட் லோரி சொல்லியாச்சு. இப்ப போயி இத எடுத்தா ரொம்ப சுசாலா, பெரிய தொல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ இன்னும் கன்ஃபர்ம் ஆவல, ஞாபகம் வச்சிக்க. டான்கிட்ட சொல்லு, அதோட உன் வேல முடிஞ்சிது. நான் பாக்கல, எனக்குத் தெரியாது."

டானிடம் சொல்வதற்கு மதியத்திலிருந்து மனதுக்குள் வாக்கியம் அமைத்தேன். ஆங்கிலத்தில், மரியாதையாக, சுருக்கமாக. உள்ளே போனதும் பாதி மறந்துவிட்டது. தாளை மட்டும் நீட்டினேன். புரிந்துகொண்டார். முட்டாள் இல்லை அவர்.

"கிளையண்ட் சைன் ஆல்ரெடி லா, வாணி."

நான் தாளில் கழிப்பறைக் குழாய் மேல் விரல் வைத்தேன்.

அது சமய விஷயம், நாம் தலையிடுவது அழகில்லை என்றார். அவர்களுக்கே அது தெரியவில்லை என்றால் நாமா சொல்லிக்கொடுப்பது? தளம் போட்ட பிறகு அவர்களாகக் கண்டுபிடித்து மாற்றச் சொன்னால் அது தனி வேலை, தனிக் கணக்கு. இதையெல்லாம் கோபமே இல்லாமல் சொன்னார், எனக்கு ஒரு மிட்டாய்கூடக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சாப்பிடவில்லை, பையில் இருக்கிறது.

லங்கருக்குப் போகவில்லை. பசி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

மூட்டமான வானம், மழை இல்லை. சைட் மீட்டிங். குறிப்பெடுப்பது நான்.

ஹர்ஜித் அங்கிள் எப்போதும் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார். தாசேக் கெலுகோரில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், கூட விளையாடியவர்கள் எல்லாம் நம் ஆட்கள். அதனால் தமிழ் அப்படியே தோட்டத்துத் தமிழ். தலைப்பாகை கட்டிக்கொண்டு, "என்னாம்மா, பசியாறிட்டியா?" என்பார். புது ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கூட்டத்தின் கடைசியில் வேறு ஏதாவது உண்டா என்று டான் கேட்டார். எல்லாரையும் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன். உண்டு என்று சொல்ல வாய் திறந்தது. வந்தது இருமல்.

முடிந்து வெளியே வந்ததும் அங்கிள் லிஃப்ட் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது யாரு ஐடியா தெரியுமா? நான்தான். என் வூட்டுக்காரிக்கு முட்டி போயிருச்சி. பழைய குருத்வாராவுல மாடியில கும்புடுற ஹால், அவ ஏறவே முடியல. கீழ சமையல் பண்ணிட்டு, மேல பாட்டு கேக்கும்போது படிக்கட்டுல உக்காந்துக்குவா." சிரித்தார். "இதுல அவதான் மொத ஆளா போவணும்."

இப்போது எப்படிச் சொல்வது.

அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட். நான் உள்ளே போகும்போது அவர் வெளியே வந்துகொண்டிருந்தார், ஃபேக்டரி பஸ் ஹாரன் அடிக்கிறது. "மொகம் ஏன் இப்படி கெடக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "கடையில தாபாவ் பண்ணிக் கட்டி வாங்கின மீ ஹூன் மேசை மேல இருக்கு, தின்னுட்டுப் படு." தைலம் கொடுத்தேன். படியில் இறங்கிக்கொண்டே தேய்த்துக்கொண்டார்.

அக்டோபர் 10, வெள்ளி

காலை வெயில், மதியத்துக்கு மேல் இடி.

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

டான் தலைமை ஆபீஸ் போயிருந்தார். ஹர்ஜித் அங்கிள் தாமரை இதழ் பார்க்க வந்தார். கண்டெய்னருக்குக் கூப்பிட்டேன். ஜன்னலில் இரண்டு தாளையும் ஒட்டி வைத்திருந்தேன். அவரே பார்த்துப் புரிந்துகொள்வார், நான் வாய் திறக்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன். பார்த்தார். தலையாட்டினார்.

"அழகா இருக்கும்மா. எனக்கு இந்தக் கோடு ஒண்ணும் புரியாது. நான் லோரி ஓட்டி அப்புறம் லோரி கம்பெனி வச்சவன். காட்டுற எடத்துல சைன் வப்பேன்."

ஆக, பேசித்தான் ஆக வேண்டும்.

"அங்கிள், கொஞ்சம் மாடிக்கு வரீங்களா?"

"இப்பவா? மழ வரும் போல இருக்கே."

"இன்னைக்கே பாக்கணும் அங்கிள்."

முதல் மாடி. முட்டுக் கம்பங்களுக்கு நடுவில் குனிந்து போனோம். அறையின் நடுவில் நின்று, "கட்டில் இங்கதான் வருது" என்றேன். என்ன கட்டில் என்று அவர் கேட்கவில்லை. பாதிக் கை கூப்பினார். வெறும் சிமெண்ட், தரையில் யாரோ குடித்துப் போட்ட தண்ணீர்ப் புட்டி. அதைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

பிறகு சாரப் படியில் மேலே. அவருக்கும் முட்டி சரியில்லை, இரண்டு இடத்தில் நின்றார். மேலே கம்பி வலை, அதன் நடுவில் வாயை டேப் ஒட்டி மூடிய குழாய்கள்.

"இது என்னா?"

"டாய்லெட்டு அங்கிள். கிரந்தி வீட்டு டாய்லெட்டு."

குழாயைப் பார்த்தார். பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தார். கீழே நாங்கள் நின்ற இடம் தெரிந்தது. அவர் நின்றது நேர் மேலே. மெதுவாகக் காலைப் பின்னால் எடுத்தார், இன்னொரு காலையும் எடுத்தார். ஓரமாகப் போய்ச் சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான சைன் வச்சேன்."

"எல்லாருமே வச்சிருக்காங்க அங்கிள்."

"எல்லாரும் யாரு? அவங்களுக்கு இது தெரியுமா? எனக்குத் தெரியும்லா."

 இடி. கையிலிருந்த புட்டியை நசுக்கிக்கொண்டே இருந்தார்.

"டானுக்குத் தெரியுமா?"

இதற்கு நான் வாக்கியம் தயார் செய்திருக்கவில்லை. "புதன்கிழமை சொன்னேன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

இறங்கும்போது அவர் முன்னால் போனார். கீழ்ப்படியில் திரும்பி, "கிரந்தி வூட்டுக்காரி, அந்தப் புள்ள, எங்கிட்ட ஜன்னல் பாக்கணும்னு கேட்டுச்சி" என்றார். நான் தலையாட்டினேன். மழை வந்துவிட்டது.

அக்டோபர் 11, சனி

கான்கிரீட் இல்லை. நேற்றே அங்கிள் சொல்லி லோரியை நிறுத்தியாகிவிட்டது.

அவசர மீட்டிங். காலை தொடங்கி மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்வரை. லிஃப்டை நகர்த்த முடியாது, குழி வார்த்தாயிற்று. ஓய்வறைக்கு ஹாலை ஒட்டி வேறு இடம் கிடையாது. மேல் அறையைக் கட்டாமலே விட்டால் என்ன என்று கேட்டார் ஒருவர். தெற்குப் பக்கம் அதே மாதிரி வளைவு ஜன்னலும் சின்னக் குவிமாடமும் இருக்கிறது; வடக்கில் இல்லாவிட்டால் முகப்பு ஒரு கொம்பு ஒடிந்த மாதிரி நிற்கும். இதழ்கள் வேறு வந்து இறங்கிவிட்டன.

கடைசியில் முடிவு: வெளியிலிருந்து பார்க்க அறை இருக்கும். ஜன்னல் இருக்கும், குவிமாடம் இருக்கும். குழாய் கிடையாது. படி கிடையாது. கதவு கிடையாது. யாரும் உள்ளே போக முடியாத அறை.

வரைய வேண்டியது நான்.

ஹர்ஜித் அங்கிள் எழுந்து, கையெழுத்துப் போட்டது தான்தான் என்று மூன்று மொழியில் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். டான் வாசலில் என்னிடம், அடுத்த முறை எதுவானாலும் தன் வழியாகப் போக வேண்டும் என்றார். ஓகே என்றேன். மணியம் அண்ணே பின்னாலிருந்து, "ஒன் வழியாத்தான வந்திச்சி, நீதான் கதவ சாத்திட்ட" என்று தமிழில் முணுமுணுத்தார். டானுக்குத் தமிழ் தெரியாது. அண்ணேக்கு அதுதான் தைரியம்.

 மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் போல. இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

கதவில்லாத அறை வரைந்து அனுப்பினேன். மென்பொருள் எச்சரிக்கை காட்டியது: இந்த அறைக்கு நுழைவு இல்லை. தெரியும் என்று அழுத்தினேன்.

பிழையைப் பார்த்துச் சொன்னது சைட்டில் ஒரு பெண் என்று நேற்று லங்கரில் அங்கிள் அறிவித்துவிட்டாராம். நல்ல எண்ணத்தில்தான். இந்தச் சைட்டில் வேறு பெண் யார்.

மதியம் கண்டெய்னரில் பிஸ்கட்.

அம்மாவிடம் முழுக் கதையும் சொன்னேன். தீபாவளிக்கு முறுக்கு பிழிந்துகொண்டே கேட்டார். "சாமிக்காவ மேல ரூம காலி பண்ணிட்டாங்களா? நம்ம முருகனுக்கு யாரு மேல் வூட்ட காலி பண்ணிக் குடுப்பா?" அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு எங்க இருக்கும் இனிமே?"

அதுதான் எனக்கும் கேள்வி.

அக்டோபர் 15, புதன்

லங்கருக்குப் போனேன். பயத்தோடுதான். வரிசையின் கடைசியில் உட்கார்ந்தேன். மன்பிரீத் அக்கா பருப்பு வாளியோடு வந்தார்.

"ஏன் வரல?"

"வேலை, அக்கா."

"பொய்."

பருப்பு ஊற்றினார். போகவில்லை. வாளியைத் தரையில் வைத்தார்.

"நீ சொல்லலன்னா நான் அங்க குடியிருந்திருப்பேன். பிள்ளையை அங்க குளிப்பாட்டியிருப்பேன். தெரியாமலே. அப்புறம் ஒரு நாள் தெரிஞ்சிருந்தா?" தலையை உலுக்கினார். "நினைக்கவே கூடாது."

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா நல்ல ரூம், அடிக். காத்து வரும்."

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். திரும்பி வந்து உட்காரவில்லை.

கமிட்டி வெளியே வீடு பார்க்கிறதாம். இந்த வட்டாரத்து வாடகைக்குக் கமிட்டியால் முடிந்தது இன்னொரு பின்னறைதான் என்றார் மணியம் அண்ணே.

அக்டோபர் 18, சனி

கான்கிரீட் போட்டோம். நடுவில் மழை, கேன்வாஸ் பிடித்து நின்றோம். குழாய் இல்லாத வழவழப்பான தளம். மணியம் அண்ணே, "இதுக்கு மேல நடக்கப் போறது புறா மட்டுந்தான்" என்றார். புறா பரவாயில்லையா என்று யாரோ கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

மேல் வீட்டுக்காரர் கடைசியில் பிளம்பரைக் கூட்டி வந்தார். ஒழுகல் நின்றது. அம்மா இன்னும் பையைக் கழற்றவில்லை. தீபாவளி திங்கட்கிழமை. புதுத்துணி போட்டுப் பார்க்கவில்லை. தூக்கம்.

டிசம்பர் 12, வெள்ளி

ரொம்ப நாள் எழுதவில்லை. காற்று, வெயில் மாறி மாறி. நாளை வடக்குப் பக்கச் சாரம் பிரிக்கிறார்கள்.

சின்னக் குவிமாடம் உட்கார்ந்தாயிற்று. ஓர் இதழில் மட்டும் மெல்லிய கீறல், தெருவிலிருந்து தெரியாது. பணி நிரந்தரக் கடிதம் வரவில்லை, பயிற்சிக் காலத்தை நீட்டியிருக்கிறார்கள். பரவாயில்லை. பரவாயில்லை என்று எழுதிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

வடக்கு ஜன்னல் வழியாகத் தெருவிலிருந்து பார்த்தால் பூசாத செங்கல் தெரிகிறது. "உள்ள ஆளு இருக்கிற மாதிரி இருக்கணும், ஒரு துணி மாட்டிடு" என்றார் ஹர்ஜித் அங்கிள். மதியம் லங்கரில் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மன்பிரீத் அக்கா எழுந்து போனார். சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் பையோடு சைட் வாசலில் நின்றார், குழந்தை இடுப்பில். பைக்குள் மஞ்சள் திரை. ஓரம் கையால் தைத்தது.

"வேற எந்த ஜன்னலுக்கும் இது சேராது" என்றார்.

மேலே வருகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

சாரத்தில் ஏறி, வெளியே நின்றபடியே ஜன்னலுக்குள் கையை விட்டு மாட்டினேன். திரைக் கம்பி முன்பே அடித்திருந்தது. கீழே தெருவில் நின்று அவர் கையால் காட்டினார்: இன்னும் கொஞ்சம் இடது பக்கம். இழுத்தேன். போதும் என்று காட்டினார். குழந்தையின் கையைப் பிடித்து ஜன்னலைக் காட்டினார். குழந்தை கிரேனைப் பார்த்தது.

அகலம் சரி. நீளம் ஒரு சாண் அதிகம், துணி உள்ளே தரையில் மடிந்து கிடந்தது. பிள்ளை பிடித்து இழுத்துவிடுமே, கொஞ்சம் தூக்கிக் கட்டலாம் என்று கை போனது.

கட்டவில்லை. கண்ணாடி போடுகிறவர் பின்னால் காத்திருந்தார், இறங்கி வழிவிட்டேன்.